ஐந்து டயர்களின் சராசரி

கார் டயர் தேய்ந்தால் மாற்ற வேண்டும். இதைச் சொல்வதற்கு ஒரு அலுவலகம் வேண்டியதில்லை என்று நினைத்திருந்தேன். அலுவலகம் இருக்கிறது. மூன்று மாடி. லிஃப்ட் ஓடுவதில்லை.

என் மனைவிக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டன. செவ்வாய், வியாழன், சனி என்று வாரத்தில் மூன்று நாள், காலை ஆறு மணிக்கு மருத்துவமனையில் அவளுக்கு ஒரு நாற்காலி உண்டு. பக்கத்தில் மெஷின். நான்கு மணி நேரம் அது ரத்தத்தை வெளியே எடுத்துச் சுத்தம் செய்து உள்ளே அனுப்பும். வீட்டிலிருந்து நாற்பத்திரண்டு கிலோமீட்டர். அந்த நேரத்துக்குப் பேருந்து கிடையாது. வாரம் மூன்று நாள் வாடகைக் கார் வைக்க நான் ஆளில்லை. சொந்தக் கார் இருக்கிறது. பதினோரு வருஷத்து வண்டி. டயரைத் தவிர அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

மழை தொடங்கிய முதல் வாரம், மருத்துவமனைக்குப் போகும் வழியில் ஒரு வளைவில் பிரேக்கை மிதித்தேன். கார் நிற்கவில்லை. கொஞ்ச தூரம் அதன் இஷ்டத்துக்குப் போய், யோசித்துவிட்டு நின்றது. என் மனைவி மடியிலிருந்த பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். மருத்துவமனை வாசலில் இறங்கும்போதுதான் வாயைத் திறந்தாள்.

"என்னை மெஷினுக்கு அனுப்பிட்டு நீங்க டயரைப் பாருங்க."

பார்த்தேன். முன்னால் இரண்டும் மொழுமொழுவென்று இருந்தன. பின்னால் இரண்டிலும் ஏதோ கோடு கிழித்த மாதிரி தடம் இருந்தது.

டயர் கடைக்காரர் காரைச் சுற்றி வந்தார். குனிந்து முன் டயரில் கட்டை விரலை வைத்து ஓட்டினார். "அண்ணே, என் தலையில இதைவிட அதிகமா முடி இருக்கு" என்றார். அவர் தலையில் முடியே இல்லை.

அவர் கடையில் என் காருக்கு ஆகிற அளவில் மூன்று வகை இருந்தன. ஒன்று மழைக்கு நல்லது, தண்ணீரைப் பிளந்து வெளியே தள்ளும். ஒன்று நீண்ட நாள் உழைக்கும். இன்னொன்று ஓடும்போது சத்தம் போடாது. நான் மழை டயரைக் காட்டி நாலு போடச் சொன்னேன். அவர் ஸ்டூலை எடுத்துப் போட்டு என்னை உட்காரச் சொன்னார். ஆகாத சேதி சொல்கிறவர்கள்தான் முதலில் உட்காரச் சொல்வார்கள்.

இரண்டு வருஷமாக யாரும் தன் காருக்குத் தானாக டயர் தேர்ந்தெடுக்க முடியாதாம். எந்த டயர் பொருந்தும், அதற்கு முன்னால் டயர் மாற்றுவது தேவைதானா, இதையெல்லாம் சக்கரத் தகுதி அலுவலகம் முடிவு செய்யும். அவர்கள் கொடுக்கிற சீட்டில் இருக்கிற எண்ணை அழுத்தினால்தான் டயர் மாட்டுகிற மெஷின் ஓடும். போன வருஷம் அடுத்த தெருக் கடைக்காரர் ஒருவர் இரக்கப்பட்டு ஒரு கிழவிக்குக் கையாலேயே இரண்டு டயர் மாட்டிக் கொடுத்தார். அந்தக் கடையில் இப்போது செருப்பு விற்கிறார்கள்.

நான் நம்பவில்லை. வேறு இரண்டு கடைக்குப் போனேன். இரண்டாவது கடைக்காரர் தலையைக்கூட நிமிர்த்தாமல் அதையே சொன்னார். அப்போது நம்பினேன்.

அலுவலகத்தில் கீழ்த்தளத்தில் டோக்கன் கொடுக்கிற பெட்டி இருந்தது. எனக்கு நூற்றுப் பதினேழு வந்தது. சுவரில் இருந்த பலகையில் நூற்றுப் பதினெட்டு ஓடிக்கொண்டிருந்தது. காவலாளியிடம் கேட்டேன். பலகை அதுபாட்டுக்கு ஓடும், இருநூறு முடிந்தால் மறுபடி ஒன்றிலிருந்து வரும், உட்காருங்கள் என்றார். உட்கார்ந்தேன். நூற்றுப் பதினேழு மத்தியானம் வந்தது. அப்போது கவுண்டரில் ஆள் இல்லை.

மறுநாள் கவுண்டரில் ஆள் இருந்தார். முதலில் வகுப்புக்குப் போக வேண்டும் என்றார்.

வகுப்பு இரண்டாவது மாடியில். பெயர், டயர் தேர்வு விழிப்புணர்வு வகுப்பு. பதினான்கு பேர் உட்கார்ந்திருந்தோம். எல்லாருக்கும் டயர் தேய்ந்திருந்தது. பாடம் எடுத்த அம்மாள் திரையில் ஒரு குடும்பம் காரில் சிரித்துக்கொண்டே போகிற படத்தைப் போட்டுவிட்டுப் பேசினார். டயரை நாம் தேர்ந்தெடுப்பதில்லை, நம்முடைய வாழ்க்கை முறைதான் தேர்ந்தெடுக்கிறது என்றார். டயர் தேய்கிறது என்றால் டயரைக் குறை சொல்லக் கூடாது, நாம் ஏன் இவ்வளவு தூரம் போகிறோம் என்று நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும் என்றார். பக்கத்தில் இருந்த பால் வண்டிக்காரர் தன்னையே கேட்டுக்கொண்ட மாதிரி முகத்தை வைத்துக்கொண்டார்.

நான் கையைத் தூக்கி, மழைக்கு எது நல்லது என்று கேட்டேன்.

"கேள்வி நேரம் மூணாவது வகுப்புலதான், ஐயா."

மூன்றாவது வகுப்பிலும் போய்க் கேட்டேன். அது தனக்குத் தெரியாது, தனக்குக் கார் ஓட்ட வராது, பேருந்தில்தான் வந்து போகிறேன் என்று அந்த அம்மாள் சொன்னார். மறைக்காமல் சொன்னதற்காக அவர் மேல் எனக்கு வருத்தமில்லை.

பிறகு படிவம். அறுபத்திரண்டு கேள்வி. பிரேக் பிடிக்கும்போது உங்கள் மனநிலை என்ன, அமைதி, பதற்றம், வருத்தம், ஒன்றுக்கு மட்டும் குறி போடவும். பயணத்தின் நோக்கம் என்ன, இன்பம், தொழில், மற்றவை. மற்றவைக்குக் குறி போட்டேன். பக்கத்தில் விளக்கம் எழுத ஒரு சின்னக் கட்டம், மூன்று வார்த்தைக்கு மேல் கொள்ளாது. மனைவி ரத்தம் சுத்தம் என்று எழுதினேன். பத்து நாள் கழித்து, துப்புரவு வாகனப் பிரிவில் என் காரைச் சேர்த்து, குப்பை லாரிக்குப் போடுகிற டயரைச் சிபாரிசு செய்து கடிதம் வந்தது. அந்த டயரின் உயரம் என் காரின் ஜன்னல் வரை வரும். டயர் கடைக்காரரிடம் காட்டினேன். அவர் சிரிக்கவில்லை. இதைவிட மோசமான கடிதமெல்லாம் பார்த்திருக்கிறேன் அண்ணே என்றார்.

கடிதத்தைத் திருத்தி வாங்க இன்னும் இரண்டு வாரம் ஆனது. அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. கனமாகப் பெய்த இரண்டு சனிக்கிழமை நாங்கள் போகவில்லை. நான்தான் வேண்டாம் என்றேன். அவள் சரி என்று சொல்லிவிட்டுப் புடவையை மாற்றிக்கொண்டு படுத்துவிட்டாள். தண்ணீர் குடிக்கக் கேட்டால் அரை டம்ளர் கொடுத்தேன். அதையும் வெளியே அனுப்ப அவள் உடம்புக்கு வழியில்லை. கால் வீங்கிச் செருப்பு நுழையவில்லை.

அடுத்த செவ்வாய் நர்ஸ் அவள் காலில் கட்டை விரலை வைத்து அழுத்தினாள். குழி விழுந்தது. விரலை எடுத்த பிறகும் மேலே வரவில்லை. அந்தக் குழியின் ஆழம் என் டயரில் இருந்ததைவிட அதிகம்.

"ரெண்டு தடவை வரலைன்னு எழுதியாச்சு, தாத்தா. மூணாவது தடவை வரலைன்னா இந்த நாற்காலியை வேற ஆளுக்குக் குடுத்துடுவாங்க. பத்தொன்பது பேர் காத்துட்டிருக்காங்க. நான் சொல்றதைச் சொல்லிட்டேன்."

அவள் நல்ல பெண். மிரட்டவில்லை. அங்கே நாற்காலி அவ்வளவுதான்.

அந்த வாரம் டயரை அளக்கக் கூப்பிட்டார்கள். அலுவலகத்துப் பின்பக்கம் கொட்டகையில் அளவுக்காரர் ஒருவர் இருந்தார். கையில் ஊசி மாதிரி ஒரு கருவி. டயரின் தடத்துக்குள் அதை விட்டு ஆழம் பார்ப்பார். ஒன்று புள்ளி ஆறு மில்லிமீட்டருக்குக் கீழே போனால் மாற்ற அனுமதி. முன்னால் இரண்டும் அரை. பின்னால் இரண்டும் ஒன்று புள்ளி ஐந்து. நான்கும் தோற்றுவிட்டன. எனக்கு நிம்மதியாக இருந்தது. அப்போது அவர், டிக்கியைத் திறங்க என்றார்.

டிக்கியில் ஸ்டெப்னி இருந்தது. காரோடு வந்த ஐந்தாவது டயர். பதினோரு வருஷத்தில் ஒரு தடவைதான் தரையைத் தொட்டிருக்கிறது. அதில் ஊசியை விட்டார். ஏழு. ஐந்தையும் கூட்டினார். பதினொன்று. ஐந்தால் வகுத்தார். இரண்டு புள்ளி இரண்டு. பச்சை நிறத்தில் ஒரு சான்றிதழ் எழுதி, கண்ணாடியில் ஒட்டிவிட்டார். டயர்கள் தகுதியானவை, மாற்றத் தேவையில்லை.

ஸ்டெப்னி ரோட்டில் ஓடுவதில்லையே என்றேன். வண்டியில்தானே இருக்கிறது என்றார். ஸ்டெப்னியை வீட்டில் வைத்துவிட்டு வந்தால் என்ன என்றேன். ஸ்டெப்னி இல்லாத வண்டியை அளக்கவே கூடாது, அது குறைபாடுள்ள வண்டி என்றார். குறைபாடுள்ள வண்டியா, இதுவா என்று நான் காரைப் பார்த்தேன். அவர் அடுத்த வண்டிக்குப் போய்விட்டார்.

மூன்றாவது மாடியில் மேலதிகாரி இருந்தார். மேல்முறையீடு அவரிடம். படி ஏறி மூச்சு வாங்கிக்கொண்டு நின்ற என்னைப் பார்த்ததும் எழுந்து நாற்காலி கொடுத்தார். மரியாதையான மனிதர். அவர் மேஜையில் ஒரு சின்ன டயர் இருந்தது, பேனா வைக்க.

நான் முப்பத்தோரு வருஷம் எடைமேடையில் வேலை பார்த்தவன். லாரி ஏறி நிற்கும், நான் எடை பார்த்துச் சீட்டு கொடுப்பேன். அதை அவரிடம் சொன்னேன். அஞ்சு லாரி வரிசையில் வந்தால், நாலு லாரியில் அளவுக்கு மேல் பாரம் இருந்து ஒன்று காலியாக இருந்தால், சராசரி போட்டு நாலையும் பாலத்தின் மேல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்டேன்.

அவர் ரசித்துக் கேட்டார். பிறகு பேசினார்.

"நீங்க சொல்றது தனித்தனியா பாக்குற பார்வை. அது அந்தக் காலத்துல. நாங்க வண்டியை முழுசா பாக்குறோம். ஒரு குடும்பத்துல நாலு பேர் பலவீனமா இருந்தாலும் ஒருத்தர் பலசாலியா இருந்தா அந்தக் குடும்பம் நிக்குமா நிக்காதா? போன வருஷம் மட்டும் மூவாயிரம் வண்டிக்கு டயர் மாத்த வேண்டாம்னு சொல்லியிருக்கோம். அத்தனை பேருக்கு எவ்வளவு அலைச்சல் மிச்சம்னு நினைச்சுப் பாருங்க. இந்த அலுவலகம் வர்றதுக்கு முன்னாடி இந்த ஊர்ல தேய்ஞ்ச டயர் எக்கச்சக்கம். இன்னிக்குப் பதிவேட்டுல தேடினாலும் கிடைக்காது."

அந்த மூவாயிரம் வண்டியும் இப்போது எங்கே என்று கேட்டேன். அது தங்கள் துறையில் வராது என்றார்.

ஆனாலும் என் மனைவியின் நிலைமையைச் சொன்னபோது அவர் முகம் வாடிவிட்டது. நிஜமாகவே வாடியது, அதைச் சொல்லத்தான் வேண்டும். கோப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தார். ஆறு வருஷத்துக்கு மேற்பட்ட டயரை ஆழம் எவ்வளவு இருந்தாலும் மாற்றலாம் என்று ஒரு விதி இருக்கிறது. என் நான்கு டயரும் நான்கு வருஷத்துக்கு முன்னால் போட்டவை. வயது ஆகவில்லை. ஸ்டெப்னிக்குப் பதினோரு வயது.

மேலதிகாரி தன் கையாலேயே சீட்டில் கையெழுத்துப் போட்டார். புது டயர் ஒன்று. ஸ்டெப்னிக்கு மட்டும்.

டயர் கடைக்காரர் மெஷினில் எண்ணை அழுத்திப் புது டயரை மாட்டி, டிக்கிக்குள் வைத்தார். மழை டயர்தான். அதன் தடம் பார்க்க வயல் வரப்பு மாதிரி இருந்தது. பிறகு அலுவலகத்திலிருந்து ஆள் வந்து, ஸ்டெப்னியைப் பிடித்திருக்கிற போல்ட்டில் கம்பி சுற்றி ஈய முத்திரை வைத்தான். அதைக் கழற்றி வேறு சக்கரத்தில் மாட்டினால் ஸ்டெப்னியின் இடம் காலியாகிவிடும், சான்று செல்லாது, வண்டியைப் பிடித்துக்கொள்வார்கள். வண்டியைப் பிடித்துக்கொண்டால் செவ்வாய், வியாழன், சனிக்கு நான் என்ன செய்வேன். நான் முத்திரையைத் தொடவில்லை. அளவுக்காரர் மறுபடி ஊசியை விட்டார். ஸ்டெப்னி எட்டு. சராசரி இரண்டு புள்ளி நான்காக ஏறிவிட்டது. முன்னேற்றம் இருக்கிறது என்றார்.

ஒரு நாள் நெடுஞ்சாலையில் போலீஸ்காரர் ஒருவர் கையைக் காட்டி நிறுத்தினார். முன் டயரைப் பூட்ஸால் தட்டி, இதில் எப்படி ஐயா ஓட்டுகிறீர்கள் என்று அதட்டினார். நான் கண்ணாடியைக் காட்டினேன். பச்சைச் சான்றை இரண்டு தடவை வாசித்தார். பிறகு டயரைப் பார்க்காமல் வழிவிட்டார். மெதுவா போங்க என்று மட்டும் சொன்னார், மெல்லிய குரலில்.

மெதுவாகத்தான் போனோம். நாலு மணிக்குக் கிளம்புகிறவர்கள் மூன்றேகாலுக்குக் கிளம்பினோம். மழை பெய்தாலும் போனோம். போகாமல் இருக்க இன்னொரு நாள் எங்களிடம் இல்லை.

ஒரு வியாழக்கிழமை, வழியில் இருக்கிற பாலத்தின் மேல் நான் பிரேக்கைத் தொடக்கூட இல்லை. கார் தானாகத் திரும்பத் தொடங்கியது. ஸ்டீரிங் கையில் இருந்தது, அதற்கும் சக்கரத்துக்கும் சம்பந்தம் இல்லாமல் போய்விட்டது. பாலத்தின் கைப்பிடிச் சுவர் முன் கண்ணாடியில் வந்தது, போனது. கார் வந்த திசையைப் பார்த்துக்கொண்டு நின்றது. எதிலும் மோதவில்லை. பின்னால் வந்த லாரிக்காரன் தூரத்திலேயே நிறுத்திவிட்டு, ஹாரன் அடிக்காமல் காத்திருந்தான். டிக்கியில் புது டயர் பத்திரமாக இருந்தது.

வைப்பர் ஆடிக்கொண்டிருந்தது. என் மனைவி வெளியே பார்த்தாள்.

"வீட்டுக்கா?" என்று கேட்டாள்.

"இல்ல."

"சரி."

காரைத் திருப்பினேன். லாரிக்காரன் லைட்டை ஒரு தடவை அணைத்துப் போட்டான். மருத்துவமனைக்கு நாற்பது நிமிஷம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தோம். பத்து மணிக்கு அடுத்த ஆள் இருப்பதால் மூன்றேகால் மணி நேரம்தான் மெஷின் என்று நர்ஸ் சொன்னாள். மிச்சம் முக்கால் மணி நேரத்து அழுக்கு அவள் உடம்பிலேயே இருக்கும். ஊசி குத்தும்போது அவள் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. முன்பெல்லாம் திருப்பிக்கொள்வாள்.

நான் நேராக அலுவலகத்துக்குப் போனேன். எட்டரைக்குத் திறந்தார்கள். மூன்று மாடி ஏறினேன். மேலதிகாரி இன்றைக்கும் எழுந்து நாற்காலி கொடுத்தார். பாலத்தில் நடந்ததைச் சொன்னேன். அவர் பரபரப்பாகி, இழுப்பறையைத் திறந்து சிவப்புக் கரை போட்ட ஒரு படிவத்தை வெளியே எடுத்தார்.

"எதுல மோதுச்சு?"

"எதுலயும் மோதல."

"லேசா உரசினதுகூட இல்லையா? கைப்பிடிச் சுவரு, கல்லு, ஏதாவது?"

"இல்ல."

பேனாவை எடுத்த இடத்தில் வைத்தார். எனக்காக அவர் வருத்தப்பட்டது தெரிந்தது.

"அப்ப இது விபத்து இல்லீங்க. வண்டி திசை மாறியிருக்கு, அவ்வளவுதான். மோதியிருந்தா இந்தப் படிவம். இதுக்கு வகுப்பு வேண்டாம், அளவு வேண்டாம், சராசரி வேண்டாம். அன்னிக்கே நாலு டயரும் புதுசு. நீங்க கேட்ட மழை டயரே. விபத்துன்னு வந்துட்டா நாங்க ஒரு நிமிஷம் தாமதிக்கிறதில்ல, பெரியவரே. மனுஷ உயிராச்சே."

படிவத்தை என் பக்கம் திருப்பிக் காட்டினார். ஒரே பக்கம். நாலே கேள்வி. இவ்வளவு சின்னப் படிவத்தை அந்தக் கட்டடத்தில் நான் பார்த்ததில்லை.

எவ்வளவு வேகமாக மோத வேண்டும் என்று கேட்டேன்.

"வேகம் ஒண்ணும் சொல்லல. மோதுற பொருள் அசையாததா இருக்கணும். அது ஒண்ணுதான் நிபந்தனை."

பத்து மணிக்கு மருத்துவமனை வாசலில் காரை நிறுத்தினேன். நர்ஸ் அவளைக் கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு வந்து முன் சீட்டில் உட்கார வைத்தாள். மெஷினிலிருந்து வருகிற நாளில் அவள் பேச மாட்டாள். கண்ணை மூடிக்கொண்டு வருவாள். அன்றைக்கு மூடவில்லை. என்ன சொன்னார்கள் என்று கேட்டாள். ஒன்று விடாமல் சொன்னேன். சிவப்புக் கரை, நாலு கேள்வி, அசையாத பொருள்.

மழை விட்டிருந்தது. ரோடு காயவில்லை.

"அப்ப ஏதாவது சின்னதா பாத்து முட்டுங்க" என்றாள்.

"அசையாததா இருக்கணுமாம்."

"அதான் சொல்றேன். சின்னதா, அசையாததா."

இரண்டாவது கியருக்கு மாற்றினேன். இடது பக்கம் அவள் பார்த்துக்கொண்டு வந்தாள். வலது பக்கம் நான்.